பிரித்துப் போட்ட கதை

ஆடி பிறந்துவிட்டால் வண்டித்தாவளத்தில் அச்சகம் வைத்திருப்பவனுக்கு வேலை கிடையாது. கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை, கடை திறப்பு இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து வரும் மேகாத்து ஒன்றுதான் ஓய்வில்லாமல் வேலை பார்க்கும். தென்னந்தோப்புகளைப் போட்டு உலுக்கும், ஓட்டுக்கூரைகளைத் தட்டிப் பார்க்கும், சந்தையில் விரித்த சாக்கைத் தூக்கிக்கொண்டு மீனாட்சிபுரம் பக்கமாக ஓடும். அந்தக் காற்றில் ஒரு தாளைப் பிடித்து எழுத முடியாது. ஈய எழுத்து பறக்காது என்பதாலும் எழுத்துப் பெட்டிகள் சும்மா கிடக்கும் என்பதாலும் வெங்கிடாசலம் ஆடியில்தான் தன் பத்திரிகைக்கு அச்சுக் கோப்பான்.

பத்திரிகையின் பெயர் ‘கணவாய்’. வருஷத்துக்கு மூன்று இதழ் என்று கணக்கு. சில வருஷம் இரண்டு வரும். எழுபத்திரண்டில் ஒன்றே ஒன்று வந்தது. வாயனசாலை என்கிற ஊர் நூலகத்துக்கு ஒன்று, பள்ளிக்கூடத்து வாத்தியார்களுக்குச் சில, மீதியெல்லாம் ஓசி. ஆனால் பின்னட்டையைப் பார்த்தால் பெரிய ராஜ்ஜியம் நடத்துகிறவன் மாதிரி சட்டம் போட்டிருப்பான். ‘ஒருவர் எழுத்தில் மற்றவர் கேட்காமல் கை வைப்பதில்லை. கூடி எழுதினால் கூடியவர் எல்லோர் பெயரும் போடப்படும். எழுதியவர் ஒப்பாததை அச்சிடுவதில்லை.’ தடித்த எழுத்தில் ஒவ்வொரு இதழிலும் இது வரும். அவன் அனுபவித்தவன். வாலிபத்தில் அவன் எழுதின கதை ஒன்றைக் கோயமுத்தூர்ப் பக்கத்து மாத இதழ் வெளியிட்டது. பஸ் ஸ்டாண்டில் தனியாக நிறுத்திவைத்திருந்த கதாநாயகனுக்கு அவர்களே ஒரு பெண்ணைப் பார்த்துக் கல்யாணம் பண்ணிவைத்துவிட்டார்கள். அந்த வயிற்றெரிச்சலில் பிறந்ததுதான் சட்டமும் பத்திரிகையும்.

பத்திரிகையில் அவனுக்குக் கூட்டாளி சைனுதீன். புகையிலை வியாபாரி. கொழிஞ்சாம்பாறை, பொள்ளாச்சி, கோவிந்தாபுரம் என்று சந்தை சந்தையாகச் சுற்றுகிறவன். புகையிலைக் கட்டோடு போவான், கதைக் கட்டோடு வருவான். வீட்டில் பேசுவது தமிழ், பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பான், எழுத வராது. அதனால் அவன் சொல்லுவான், வெங்கிடாசலம் எழுதுவான். இரண்டு பெயரும் போடுவார்கள். பத்து வருஷமாக அப்படித்தான் நடந்தது. ஒரு சின்னக் குறை, யாரும் வாய்விட்டுச் சொல்லாத குறை. ‘பொண்டாட்டி சோத்துல உப்புப் போட மறந்துட்டா’ என்று சைனுதீன் சொன்னால், வெங்கிடாசலத்தின் காகிதத்தில் அது ‘இல்லறத்தின் சுவை குன்றலாயிற்று’ என்று இறங்கும்.

போன மாசியில் வெங்கிடாசலத்துக்குப் பொன்னுக்குவீங்கி வந்து, தாடை இரண்டும் உப்பி, பேச முடியாமல் படுத்துவிட்டான். அன்றைக்கென்று பார்த்து சைனுதீன் ஒரு கதையோடு வந்து சேர்ந்தான். அச்சகத்தில் அவன் மனைவி ஞானஜோதி மட்டும் நின்று கோத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான மறு வருஷமே அவள் அந்த வேலையைக் கற்றுக்கொண்டவள். வெங்கிடாசலத்தைவிட அவள் கை வேகம். “நீங்க சொல்லுங்கண்ணா, நான் அப்புடியே கோக்கறேன். எழுதி எதுக்குங்க?” என்றாள். காகிதமே இல்லாமல் வாயிலிருந்து நேராக ஈயத்துக்கு இறங்கிற்று கதை. ஒரு பக்கம்தான். வாயனசாலையில் அதைச் சத்தமாகப் படிக்கக் கேட்டுவிட்டு வந்த சைனுதீன் சொன்னான்:

“மாப்ளே, இப்பத்தான்டா நான் சொன்னது நான் சொன்ன மாதிரியே வந்துருக்குது.”

வீங்கின தாடையோடு வெங்கிடாசலம் தலையை ஆட்டினான். வீக்கம் வடிந்துபோயிற்று. அந்த வார்த்தை வடியவில்லை.

இந்த ஆடியில் சைனுதீனும் ஜோதியும் பெரிய கதையாகவே எடுத்துவிட்டார்கள். தமிழ்நாட்டு அரிசியை இந்தப் பக்கம், கேரளத்துக்குள், கொண்டுவரக் கூடாதென்று தடை இருந்த காலம் அது. பொம்பளைகள் சேலைக்குள் வயிற்றில் அரிசியைக் கட்டிக்கொண்டு செக்போஸ்டைத் தாண்டி வருவார்கள். அப்படி அந்தப் பக்கத்திலிருந்து வருகிற ஒருத்தியின் கதை. சாப்பாட்டு நேரம் தாண்டியதும் சைனுதீன் வந்து முக்காலியில் உட்காருவான். ஜோதி பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு, இடது கையில் எழுத்தை வரியாக அடுக்குகிற அச்சுக்கட்டையும் வலது கையில் எழுத்துமாகக் காது கொடுப்பாள். ரோட்டைப் பார்த்த கதவு திறந்தே கிடக்கும். வெங்கிடாசலம் மிதி மெஷினுக்கு மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பான். துடைத்த இடத்தையே துடைப்பான்.

“செக்போஸ்டுக்காரன் கேக்கறான், எத்தனை மாசம்னு. அவ என்ன சொல்லுவா?” என்றான் சைனுதீன்.

“ஏழும்பா” என்றாள் ஜோதி.

“போன சந்தைக்கும் ஏழுன்னுதானே சொன்னா?”

“போன சந்தைக்கு நின்னது வேற போலீசுங்கண்ணா.”

சைனுதீன் தொடையில் அடித்துச் சிரித்தான். “அப்ப அவளுக்குப் போலீசு மாறறதுதான் மாசக் கணக்கு!”

“ஆமாங்கண்ணா. ஆனா ஒண்ணு. போறப்ப வகுறு இருந்துச்சு. அரிசியை எறக்கிப்போட்டுத் திரும்பி வாறப்ப வகுறு இல்லீன்னா அவன் சும்மா உடுவானுங்களா? அவ வகுத்தோடதான் திரும்பி வரோணும்.”

“எதை வெச்சுக் கட்டுவா?”

காற்று கதவை ஒரு தரம் சாத்தித் திறந்தது. பெட்டியைப் பார்த்தபடியே ஜோதி சொன்னாள்:

“வைக்கோலு. போகையில அரிசி, வருகையில வைக்கோலு. அரிசி கட்டுனப்ப கைய வீசித்தான் நடந்தா. வைக்கோலு கட்டுனப்பத்தான் கை தானா வகுத்து மேல போயி ஒக்காந்துச்சு.”

சைனுதீன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். “தங்கச்சி, அதுல ஒரு எழுத்தை மாத்தாம கோத்துரு” என்றான்.

வெங்கிடாசலத்தின் கை துணியோடு நின்றுவிட்டது. கல்யாணமாகி எட்டு வருஷம். குழந்தை இல்லை. பழனிக்குப் போனார்கள், பாலக்காட்டில் டாக்டரைப் பார்த்தார்கள், பிறகு அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்கள். அவன் விட்டுவிட்டான் என்பதுதான் சரி. அவளும் விட்டுவிட்டாள் என்று அவனாக நினைத்துக்கொண்டான். இப்போது முதுகைக் காட்டி நின்றுகொண்டு வேறொருத்தனிடம் அதைச் சொல்கிறாள். அதுவும் எப்படிச் சொல்கிறாள்! இருபது வருஷம் எழுதியும் அவனுக்கு அப்படி ஒரு வரி வந்ததில்லை. பொண்டாட்டியின் மனசு போயிற்றே என்று பொறாமையா, கூட்டாளியைப் பறிகொடுத்தோமே என்று பொறாமையா, எழுதத் தெரிந்தவளைப் பார்த்துப் பொறாமையா? பாவம், அவனுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. மூன்றும் ஒரே அடுப்பில் வைத்த சட்டிகளாகக் கொதித்தன.

எதிரே சாயாக்கடை வைத்திருந்த பொங்கியண்ணன் வேறு விறகு தள்ளினார்.

“ஏனப்பா வெங்கிடு, உன்ற ஊட்ல பத்திரிக்கை வேலை மும்முரமாட்ட. பாயி சிரிக்கற சத்தம் இக்கட்ட வரைக்கும் கேக்குது. நீ என்ன வேல பாக்கற?”

“நான்தானுங்கண்ணா அச்சடிக்கறவன்.”

“அதுசரி, அதுசரி. ஆராச்சும் மிதிக்கோணுமில்ல.”

அவன் சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தான். பொங்கியண்ணன் நினைத்த அசிங்கம் அவன் மனதில் இல்லை. ஜோதியையும் தெரியும், சைனுதீனையும் தெரியும். அந்த அசிங்கமாக இருந்திருந்தால்கூடச் சண்டை போட ஒரு வழி இருந்திருக்கும். சைனுதீனின் மனைவி ருக்கியா ஒரு நாள் தேங்காய்ச்சோறும் கறிக்குழம்பும் தூக்கில் கொண்டுவந்து இறக்கினாள். “கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து இவரு கதையெ நான்தான் கேட்டேன். இப்ப கேக்கறதுக்கு ஜோதி வந்துட்டா, என் காதுக்கு லீவு” என்று சிரித்தாள். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சோறு மணத்தது, குழம்பு மணத்தது, மூன்று பேரும் வைக்கோல் கட்டினவளைப் பற்றியே பேசினார்கள். வெங்கிடாசலத்துக்கு மட்டும் கவளம் இறங்கவில்லை.

கதை நீண்டுகொண்டே போயிற்று. அவனிடம் இருந்த எழுத்து எட்டுப் பக்கத்துக்குத்தான் காணும். பக்கம் பக்கமாக அச்சடித்துப் பிரித்துப் போட்டால்தான் அடுத்ததைக் கோக்க முடியும். “கோத்த வரைக்கும் ஒரு பாரமா அடிச்சு ஓட்டீரலாமே” என்று கேட்டுப் பார்த்தான். ஜோதி ஒப்பவில்லை. “முடிவு இன்னும் வரலீங்க. முடிவு வந்தா முன்னால நாலு எடம் மாத்த வேண்டி வரும். அப்புடியே இருக்கட்டும்” என்றாள். அதனால் கதை முழுக்க, நூல் சுற்றிக் கட்டின கட்டுகளாகத் தட்டுகளில் நின்றது. புரூஃப் எடுக்கவில்லை. அவளே ஈயத்தைத் தலைகீழாகப் பார்த்து வாசித்துக் காட்டுவாள், சைனுதீன் கேட்பான். வேறெங்கும் அந்தக் கதை கிடையாது.

அவள் தண்ணீருக்குப் போகும் நேரமெல்லாம் வெங்கிடாசலம் அந்தத் தட்டுகளின் மேல் குனிந்து படித்தான். குறை கண்டுபிடிக்கத்தான் படித்தான். ஒன்று இரண்டு கிடைத்தது, அது போதவில்லை. மறுபடி படித்தான். வைக்கோல் வரிக்கு வரும்போதெல்லாம் விரலால் அந்த ஈயத்தைத் தடவிவிட்டு, சுட்டுக்கொண்டவனைப் போலக் கையை எடுத்துக்கொள்வான்.

ஆடிக் கடைசியில் ஜோதி அம்மா வீட்டுக்கு எலவஞ்சேரி போனாள். சைனுதீன் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போயிருந்தான். அன்று காலையில் குப்பண்ணன் என்கிற தோப்புக்காரர் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்தார். மாப்பிள்ளை வீட்டார் பெயர்களை எழுதி நீட்டிவிட்டு, “அவசரமில்லீங்க தம்பி. ஆவணி பாதிக்கு மேல குடுத்தாப் போதும்” என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அவர் அப்படிச் சொன்னது வெங்கிடாசலத்தின் காதில் விழுந்தது. விழாத மாதிரி அவன் பெட்டியைப் பார்த்தான். ‘ண’ அறை காலி. ‘ங்’ அறையில் ஆறோ ஏழோ கிடந்தது. குப்பண்ணன் வீட்டுக் கல்யாணத்தில் ஊர்பட்ட அண்ணன்கள். எழுத்து வேண்டுமே, தொழில் என்று ஒன்று இருக்கிறதே என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டான். கேட்க ஆள் இல்லை.

முதல் கட்டின் நூலை அவிழ்த்தான்.

பிரிப்பதென்றால் கண்ணை மூடிக்கொண்டு கொட்டுவதல்ல. நாலு வரியை இடது கையில் ஏந்தி, ஒவ்வொரு சொல்லாகப் படித்து, ஒவ்வொரு எழுத்தாக அதனதன் அறையில் போட வேண்டும். படிக்காமல் பிரிக்க முடியாது. செக்போஸ்டைப் படித்துப் போட்டான், போலீஸ்காரனைப் படித்துப் போட்டான். டிக் டிக்கென்று விழுந்தன எழுத்துகள். முதலில் நெஞ்சு குளிர்ந்த மாதிரிதான் இருந்தது. வைக்கோல் வரி வந்தபோது கை நின்றது. இதை மட்டும் வைத்துவிடலாம் என்று ஒரு நினைப்பு. வைத்தால் மட்டும் என்ன, அது நம்முடையதா என்று அடுத்த நினைப்பு. ‘கை’யை எடுத்துப் போட்டான், ‘தானா’வைப் போட்டான். பொழுது சாய்வதற்குள் பெட்டி நிறைந்துவிட்டது. மத்தியானச் சோறு சாப்பிட மறந்திருந்தான்.

ஜோதி மறுநாள் பலாச்சுளையும் முருங்கைக்காயுமாக வந்து இறங்கினாள். பையை வைத்துவிட்டு நேராக அச்சகத்துக்குள் போனாள். தட்டுகள் வெறுமனே கிடந்தன.

“ஏனுங்க, கதையெங்கீங்க?”

“குப்பண்ணன் ஊட்டுக் கல்யாணம் அம்மணி. எழுத்துப் பத்தலை. அவசரம்னு நின்னாங்க. நீயும் இல்ல, கேக்கறதுக்கு.”

“பிரிச்சுட்டீங்களா?”

“வேற வழியில்ல.”

அவள் பெட்டியருகே போய் ‘ண’ அறைக்குள் விரல்களை விட்டு அளைந்தாள். அழவில்லை. உள்ளே போய் உலை வைத்தாள். முருங்கைக்காயை நறுக்கினாள், சாம்பார் வைத்தாள், அவனுக்குப் போட்டாள். “ருசியா இருக்குது” என்றான் அவன். அவள் இன்னொரு கரண்டி ஊற்றினாள். தப்பித்துவிட்டோம் என்று நினைத்தான் அந்தப் புத்திசாலி.

இரண்டு நாள் கழித்து, வெங்கிடாசலம் பேப்பர் வாங்கச் சித்தூர் போயிருந்தபோது குப்பண்ணன் வந்தார். அச்சான பத்திரிகையைப் புரட்டிப் பார்த்து மகிழ்ந்துபோனார். “தம்பிக்கு என்னங்க இத்தனை அவசரம்! ஆவணி பாதிக்கு மேல போதும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னனே, கண்ணு” என்று ஜோதியிடம் சொல்லிச் சிரித்தார். அவளும் சிரித்து, அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினாள்.

வெங்கிடாசலம் பேப்பர்க் கட்டோடு நுழையும்போது சைனுதீன் முக்காலியில் இருந்தான். தொப்பி மடியில் இருந்தது. ஜோதி கதவை ஒட்டி நின்றாள். பேப்பரை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவன் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

“குப்பண்ணன் வந்துட்டுப் போனாருங்க” என்றாள் ஜோதி.

அதற்கு மேல் அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“மாப்ளே” என்றான் சைனுதீன். “கோவம்னா என்னைத் திட்டியிருக்கலாம். முக்காலிய எடுத்து வெளிய எறிஞ்சிருக்கலாம். நான் வந்திருக்க மாட்டேன்.”

“கோவமில்ல சைனு.”

“பின்னே?”

“பொறாமை” என்றான் வெங்கிடாசலம். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சின்ன வார்த்தை என்று தெரிந்தது. “பத்து வருசம் என்ற கையிலதான சொன்னே. இப்ப நான் துணியத் தொட்டுத் தொடைச்சுக்கிட்டு நிக்கறேன். நீ அவளுக்குச் சொல்றே, அவ உனக்குச் சொல்றா. எனக்கு ஆரு சொல்றா?”

“நீ என்னைக்குடா கேட்டே?” சைனுதீன் நிதானமாகத்தான் சொன்னான். “பத்து வருசமும் நீ எழுதுனதை வாயனசாலைல படிக்கக் கேட்டுட்டு வருவேன். என் பேரு இருக்கும். ஆனா இதாரோ சொன்ன கதையின்னு இருக்கும் எனக்கு. உனக்கு மனசு நோகும்னு வாய மூடிக்கிட்டேன். பின்னட்டைல அத்தனை சட்டம் போடறியே, ஒருக்காவாச்சும் ‘இப்புடி மாத்தட்டுமா சைனு’ன்னு கேட்டிருக்கியா?”

கேட்டதில்லை. மாற்றுவது மாற்றம் என்றே அவனுக்குத் தோன்றியதில்லை. சரி பண்ணுவதாகத்தான் நினைத்திருந்தான். அந்தக் கோயமுத்தூர்க்காரர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். முகம் எரிந்தது அவனுக்கு.

“எனக்குத் தெரியும்” என்றான் திடீரென்று. பேப்பர்க் கட்டை மெஷின்மேல் போட்டான். “கதை முழுசும் தெரியும். பாத்துப் பாத்துப் படிச்சிருக்கறேன், பிரிக்கறப்பவும் படிச்சேன். ஒரு வார்த்தை உடாமச் சொல்றேன். கோத்துக்குங்க.”

சொல்லவே ஆரம்பித்துவிட்டான். ‘கோவிந்தாபுரத்துக்குப் போற ரோட்டுல புளியமரத்தை எண்ணீட்டு நடக்கறவ அவ ஒருத்திதான்…’ தடங்கல் இல்லாமல் வந்தது. சைனுதீனின் முகம் மலர்ந்தது. “அதேதான்! தங்கச்சி, அதேதான்!” என்று எழுந்துவிட்டான்.

“நிறுத்துங்க” என்றாள் ஜோதி.

நிறுத்தினான்.

“நல்லாத்தான் சொல்றீங்க. ஆனா இதுல எது நாங்க சொன்னது, எது நீங்க சரி பண்ணுனதுன்னு நான் எப்புடிங்க கண்டுபிடிக்கறது?”

“ஒண்ணும் மாத்த மாட்டேன் அம்மணி. சத்தியமா.”

“அவசரம்னு நின்னாங்கன்னும் நீங்கதானுங்க சொன்னீங்க. என்ற மூஞ்சியப் பாத்துத்தான் சொன்னீங்க.”

ரோட்டில் கள்ளு வண்டி ஒன்று கடகடவென்று போயிற்று. பொங்கியண்ணன் கடையிலிருந்து இந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார்.

“மறுபடி மொதல்லேர்ந்து சொல்லலாமுங்கண்ணா” என்றாள் ஜோதி சைனுதீனிடம். “வேற மாதிரி வந்தா வேற மாதிரியே வரட்டும். ஆனா இந்தத் தடவை நான் கோக்கலை. நான் ஒக்காந்து சொல்றேன்.” பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். “நீங்க கோக்கோணும். நாங்க சொல்றதை மட்டும். பேரு எங்க ரெண்டு பேருதுதான். உங்க பேரு அச்சிட்டவருங்கற எடத்துல வரும். சம்மதமுங்களா?”

சம்மதம் என்பதைத் தவிர அவனுக்கு என்ன சொல்ல இருந்தது? சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பெட்டிக்கு முன்னால் போய் நின்றான்.

ஆவணியில் கல்யாண வேலைகள் குவிந்தன. காலையெல்லாம் அதைச் செய்தான். சாப்பாட்டுக்குப் பிறகு அவர்கள் சொல்லக் கோத்தான். கதை பழையபடி வரவில்லை. சில இடம் நன்றாக வந்தது. செக்போஸ்டில் ஒரு நாய் புதிதாக வந்து சேர்ந்தது, சைனுதீனுக்கு அதில் பரம சந்தோஷம். பல இடம் முன்னைவிடச் சப்பையாக வந்தது. இருவருக்கும் முன்பு என்ன சொன்னோம் என்று பாதி நினைவில்லை. அவன் ஒருவனுக்குத்தான் முழுதும் நினைவிருந்தது. பழைய வரி நாக்கில் வந்து நிற்கும். கையோ புதிய வரியைக் கோக்கும். பக்கத்தில் அவர்கள் சிரித்தால் இப்போதும் அவனுக்கு எரிந்தது. அது ஒன்றும் ஒரு நாளில் தீர்கிற நோயில்லை.

பக்கங்கள் வளர்ந்து, அரிசியை இறக்கிவிட்டு அவள் ஊருக்குத் திரும்பும் இடம் வந்தது. சைனுதீன் சொல்வதை நிறுத்தி ஜோதியைப் பார்த்தான். ஜோதி மடியில் கையை வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள். வெங்கிடாசலத்தின் விரல்கள் ‘கை’க்கு வேண்டிய எழுத்தின் மேல் தாமாகவே போய் நின்றன.

“திரும்பி வாறப்ப வைக்கோலைக் கட்டிக்கிட்டா” என்றாள். “அதுக்குக் கனமே இல்லை.”

அவ்வளவுதான். இந்தத் தடவை அந்தக் கை வரவில்லை.

வெங்கிடாசலம் கோக்கவில்லை. திரும்பிப் பார்த்தான். வாழ்நாளில் முதல் தடவையாகக் கேட்டான்:

“அம்மணி, இந்த எடத்துல முன்ன வேறொண்ணு சொல்லியிருந்தே. அது நல்லாருந்துச்சு. ரொம்ப நல்லாருந்துச்சு. நான் அதைச் சொல்லட்டுமா?”

“எனக்கும் ஞாபகம் இருக்குதுங்க” என்றாள் ஜோதி. கோபமாகச் சொல்லவில்லை. “மறந்துட்டேன்னா நெனைச்சீங்க? அது ஒருக்காத்தான் சொல்ல முடியும். சொல்லீட்டேன். வேண்டாங்க, இதையே கோத்துருங்க.”

சைனுதீன் குனிந்து தரையைப் பார்த்தான். வெங்கிடாசலம் பெட்டியின் பக்கம் திரும்பினான். ‘க’வை எடுத்தான், ‘ன’வை எடுத்தான், ‘மே’யை எடுத்தான். கண் கலங்கியதில் அறைகள் சரியாகத் தெரியவில்லை. தடவித் தடவி ஒவ்வொன்றாக எடுத்து, அவள் சொன்னதை அவள் சொன்னபடியே கோத்து முடித்து, ஒரு முற்றுப்புள்ளியை எடுத்து வைத்தான்.